எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அளவாகக் குடிக்கலாமா? பைபாஸ், ஸ்லீவ் செய்தவர்கள் சொல்லுங்கள்

கோவை_காலைநடை:

எல்லாருக்கும் வணக்கம். வயது 43. போன வருடம் இரைப்பையில் பைபாஸ் செய்துகொண்டேன். 128 கிலோ இருந்தவன் இப்போது 91. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், பிரஷர் மாத்திரை பாதியாகிவிட்டது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அந்த மட்டில் நிம்மதி.

ஆபரேஷனுக்கு முன்பு மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நண்பர்களோடு உட்காருவேன். இரண்டு லார்ஜ், அதற்கு மேல் போனதில்லை. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த தாளில் "மது தவிர்க்கவும்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. எத்தனை மாதத்துக்கு, ஏன், ஆயுள் முழுக்கவா, எதுவும் இல்லை. இதுவரை தொடவில்லை.

அடுத்த மாதம் மைத்துனர் வீட்டில் கல்யாணம். முதல் நாள் இரவு ஆண்கள் எல்லாரும் மண்டபத்து மாடியில் உட்காருவார்கள். ஒரே ஒரு லார்ஜ் எடுத்தால் என்ன ஆகும்? அறிவுரை நிறையக் கேட்டாகிவிட்டது. காரணம் தெரிந்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடலூர்_அலை:

ஒன்றும் ஆகாது அண்ணா. நான் ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், செய்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. பீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, கேஸ் அடைத்து நெஞ்செல்லாம் வலிக்கும். விஸ்கியில் தண்ணீர் கலந்து மெதுவாகக் குடித்தால் பிரச்சினையே இல்லை. முன்னே ஒரு குவார்ட்டர் தேவைப்பட்டது, இப்போது கட்டிங் போதும். காசும் மிச்சம். அளவோடு இருந்தால் எதுவும் தப்பில்லை.

நைட்_டியூட்டி:

கோவை சார், நான் இரைப்பை குடல் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர். உங்களுக்கு ஆபரேஷன் செய்தவரிடம் கேட்பதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

மது பெரும்பகுதி இரத்தத்தில் கலப்பது சிறுகுடலில். சாதாரண இரைப்பையின் அடியில் பைலோரஸ் என்று ஒரு வளையத் தசை இருக்கிறது. அது ஏரி மதகு மாதிரி உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குத் திறந்துவிடும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் மெதுவாக ஏறுவது இதனால்தான். இரைப்பைச் சுவரில் மதுவை உடைக்கும் நொதியும் உண்டு, தங்கியிருக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு அங்கேயே உடைந்துவிடும்.

உங்களுக்குச் செய்த பைபாஸில் மேலே ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கும் சின்னப் பை ஒன்றுதான் மிச்சம். அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிட்டார்கள். மதகும் இல்லை, தங்கும் நேரமும் இல்லை. விழுங்கியது சில நிமிடங்களில் குடலுக்குப் போய்விடும். இதோடு இன்னொன்று: உடம்பு 37 கிலோ இளைத்திருக்கிறது, அதோடு உடம்பிலுள்ள நீரின் அளவும் குறைந்திருக்கிறது. அதே மது குறைவான நீரில் கரைகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இதை அளந்து பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். பைபாஸ் செய்துகொண்ட 19 பேர். அதே ஆட்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பும், மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும் ஏறத்தாழ 150 மில்லி சிவப்பு ஒயின் கொடுத்தார்கள். மதுவின் உச்ச அளவு முதலில் 0.024 சதவீதம், மூன்றாம் மாதம் 0.059, ஆறாம் மாதம் 0.088. முழுதும் தெளிய முன்பு 49 நிமிடம் ஆனது, ஆறாம் மாதத்தில் 88 நிமிடம்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுபவருக்கு உள்ள வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஆபரேஷனுக்கு முன்பு வரம்புக்குள் நின்ற அதே ஒரு கிளாஸ், ஆறு மாதம் கழித்து வரம்பைப் போல மூன்று மடங்கை நெருங்குகிறது. அந்த ஒயினில் இருப்பது சுமார் 14 கிராம் மது. நீங்கள் கேட்கும் ஒரு லார்ஜ், 60 மில்லி, 42.8 சதவீதச் சரக்கு என்றால் 20 கிராம்.

"ஒரே ஒரு லார்ஜ்" என்று நீங்கள் நினைப்பதை உங்கள் உடம்பு ஒன்றாக எண்ணாது.

கடலூர்_அலை:

டாக்டர், நீங்கள் சொல்வதெல்லாம் பைபாஸுக்குத்தானே? ஸ்லீவில் அந்த மதகு அப்படியே இருக்கிறது, குடலை யாரும் தொடவில்லை. எங்களுக்கு இது பொருந்தாது.

நைட்_டியூட்டி:

முதலில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள், தம்பி. தொடக்கத்தில் வந்த சில ஆய்வுகளும் ஸ்லீவில் பெரிய மாற்றம் இல்லை என்றன. 2018இல் அமெரிக்காவில் ஸ்லீவ் செய்த பெண்களையும் பைபாஸ் செய்த பெண்களையும் வைத்து, இரத்தத்தையே எடுத்துச் சோதித்தார்கள். இரண்டு கூட்டத்திலும் உச்ச அளவு ஆபரேஷன் செய்யாதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி சராசரியாக 27 சதவீதம் குறைத்துக் காட்டியது. உச்சம் வந்துபோகும் வேகத்தை அது பிடிக்கவும் இல்லை. முந்தைய குழப்பத்துக்கு அந்தக் கருவியும் ஒரு காரணம்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி ஒரு குறுகலான குழாய். அதில் அழுத்தம் அதிகம், திரவம் சீக்கிரமே இறங்கிவிடும்.

குவார்ட்டர் இருந்த இடத்தில் இப்போது கட்டிங் போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி மதுவில் அதே போதை. ஆய்வில் வந்த கணக்கும் அதேதான்.

தட்டில்_பாதி_காய்கறி:

நான் டயட்டீஷியன். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். டாக்டர் சொன்னதில் "60 மில்லி" என்று ஒரு இடம் வருகிறதே, அங்கேதான் என் கவலை. பாரில் அளந்து ஊற்றுவார்கள். மண்டபத்து மாடியில் யார் அளக்கிறார்கள்? பிளாஸ்டிக் டம்ளரில் கண் மட்டத்துக்கு ஊற்றி, மிச்சத்துக்குக் கோலா ஊற்றுவார்கள். நீங்கள் ஒன்று என்று எண்ணுவது ஒன்றரையாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும்.

குளிர்பானம் கலப்பது இன்னொரு தொல்லை. பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேகமாகக் குடலில் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி எல்லாம் வரும். டம்பிங் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

கலோரிக் கணக்கும் பாருங்கள். ஒரு கிராம் மதுவுக்கு 7 கலோரி. ஒரு லார்ஜ் என்றால் 140 சொச்சம், ஒரு குவார்ட்டர் 420க்கு மேல். அதில் புரதம் துளியும் இல்லை. உங்களை மாதிரி ஆட்களுக்கு நாளைக்கு 60 கிராமாவது புரதம் சாப்பிடச் சொல்லித் தலையால் தண்ணீர் குடிக்கிறோம், அந்தச் சின்னப் பையில் இடமே குறைவு. மிக்சரும் சிப்ஸும் உள்ளே வழுக்கிக்கொண்டு போய்விடும். முட்டைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் இடம் இருக்காது. இரண்டு வருடம் கழித்து "எடை மறுபடி ஏறுகிறது, சாப்பாடு கொஞ்சம்தானே சாப்பிடுகிறேன்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மாலை நேரத்தைப் பற்றித்தான்.

மறுநாள் தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவார்களே, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்குக் கூடாது. தையல் போட்டு இணைத்த இடத்தில் புண் வரும், சிகரெட்டும் இருந்தால் நிச்சயம் கூடுதல் ஆபத்து. இரத்தக் கசிவோடு அட்மிட் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விருதை_வெயில்:

பயனுள்ள இழை. கவனித்துப் படிக்கிறேன். எனக்கு மினி பைபாஸ், அதற்கும் இதே கதைதானா?

நைட்_டியூட்டி:

அதிலும் இரைப்பையின் பெரும்பகுதியை விட்டுவிட்டு நேராகக் குடலோடு இணைப்பதுதான். வேறு மாதிரி இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தாமிரபரணி_கரை:

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கடலூர் தம்பி எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்கு ஆறு வருடங்களுக்கு முன் பைபாஸ் நடந்தது. முதல் வருடம் தொடவே இல்லை. அவ்வளவு உற்சாகம், புதுச் சட்டை, காலையில் நடை. இரண்டாவது வருடம் ஒரு விருந்தில் ஆரம்பித்தார். பழைய பாதி அளவுதான், அதனால் எனக்கும் பெரிதாகத் தெரியவில்லை. "பார், அரை பெக்கில் நிறுத்திவிட்டேன்" என்பார். வேகமாக ஏறி, வேகமாக இறங்கிவிடும். இறங்கியதும் இன்னொன்று. ஒரு முறை உட்கார்ந்து மெதுவாகக் குடித்த மனிதர், சாயங்காலத்தில் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறவர் ஆனார். மூன்றாவது வருடம் அது தினமும் ஆனது. ஆபரேஷனுக்கு முன்பு அவர் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

ரிவ்யூவுக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடவே போவேன். எடை பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், கை கொடுத்துப் பாராட்டுவார்கள். குடிக்கிறீர்களா என்று ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தால் அவர் முறைப்பார்.

அப்புறம் ஒரு சமயம் பத்துப் பதினைந்து நாள் ஓயாத வாந்தி. சாப்பாடே இறங்கவில்லை. ஒரு காலையில் எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கால் அகட்டி அகட்டி வைத்தார், பார்வை இரட்டையாகத் தெரிகிறது என்றார், பேச்சில் கோர்வை இல்லை. மாமனார் உட்பட எல்லாரும் "விடிந்ததும் ஏற்றிக்கொண்டான்" என்றார்கள். வீட்டில் பாட்டிலே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். வாந்தியால் மூன்று நாளாக அவர் குடிக்கவும் இல்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். முதலில் போன இடத்தில் குடிகாரர் என்று ஓரமாகப் படுக்க வைத்தார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர் "இவருக்கு இரைப்பையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா?" என்று கேட்டார். உடனே ஏதோ வைட்டமின் ஊசியை நரம்பில் போட்டார்கள். கண் இரண்டு நாளில் சரியானது. நடை சரியாக மாதக்கணக்காயிற்று. ஞாபகசக்தி இன்னும் பழையபடி இல்லை.

இப்போது சிகிச்சையில் இருக்கிறார், குடிப்பதில்லை. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. அளவாகத்தான் எங்கள் வீட்டிலும் தொடங்கியது.

கடலூர்_அலை:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அண்ணன் சீக்கிரம் தேறட்டும்.

நைட்_டியூட்டி:

தாமிரபரணி அம்மா, அந்த ஊசி தயமின், அதாவது வைட்டமின் பி1. உடம்பில் அது சில வாரங்களுக்கு மட்டுமே இருப்பு இருக்கும். தொடர் வாந்தி, சாப்பாடு இறங்காமை, கூடவே மது என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மது அதை உறிஞ்சவும் விடாது. தீர்ந்தால் மூளை பாதிக்கப்படும். வெர்னிக்கே என்று அதற்குப் பெயர். கண், நடை, குழப்பம் என்ற மூன்றும் ஒன்றாக வராமல் ஒன்றிரண்டு மட்டும்கூட வரலாம். பார்க்கிறவருக்குப் போதை மாதிரியே இருக்கும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பு, அல்லது அதோடு சேர்த்தாவது, தயமின் கொடுத்தாக வேண்டும். வெறும் குளுக்கோஸ் நிலைமையை மோசமாக்கிவிடும். இந்த ஆபரேஷன் செய்த ஒவ்வொருவர் வீட்டிலும் இது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் போய்விடுங்கள், ஆபரேஷன் ஆனதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு நடந்த வரிசையும் புதிதல்ல. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 1945 பேரைத் தொடர்ந்து பார்த்து 2012இல் எழுதினார்கள். மதுவால் பிரச்சினை உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம், முதல் வருடம் 7.3. இரண்டாவது வருடத்தில் 9.6 ஆனது. அதே ஆய்வை நீட்டித்து 2017இல் சொன்னது இன்னும் கடினம்: முந்தைய வருடத்தில் அந்தப் பிரச்சினை இல்லாத பைபாஸ்காரர்களில் ஐந்து வருடத்துக்குள் அதன் அறிகுறி வந்தவர்கள் 20.8 சதவீதம். ஐந்தில் ஒருவர்.

முதல் வருடம் எல்லாரும் கண்ணும் கருத்துமாக இருக்கிறோம். ஆபத்து தலை தூக்கும்போது நோயாளியும் ரிவ்யூவை விட்டிருப்பார், நாங்களும் கேட்க விட்டிருப்போம். எங்கள் துறை இதில் இன்னும் நிறைய மாற வேண்டும்.

மயிலை_மாடவீதி:

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று படித்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு அடிமையாக இருந்தவரிடமிருந்து சாப்பாட்டைப் பிடுங்கினால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்வார். கவுன்சலிங் கொடுத்தால் போதுமே?

நைட்_டியூட்டி:

கவுன்சலிங் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் காரணம் என்றால் எடையைக் குறைக்க இரைப்பையை வெட்டாமல் அதைச் சுற்றி வளையம் மட்டும் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அதே அளவு வந்திருக்க வேண்டும். அவர்களிடமிருந்தும் சாப்பாடு பிடுங்கப்பட்டதுதான். அதே ஆய்வில் அவர்களிடம் 11.3 சதவீதம், பைபாஸில் 20.8. வளையத்தில் மது போகும் வழி மாறவில்லை, பைபாஸில் மாறிவிட்டது. சட்டென்று உச்சத்துக்கு ஏற்றும் எந்தப் பொருளும் சீக்கிரம் பழக்கத்தில் இழுக்கும்.

இதை நான் வலியுறுத்த இன்னொரு காரணம் உண்டு. மனசு பலவீனம் என்று சொல்லிவிட்டால் குடும்பம் அவரைத் திட்டும், அவர் மறைப்பார். உடம்பில் நாம் செய்த மாற்றத்தால் வந்த ஆபத்து என்று தெரிந்தால் வெளியே சொல்வார். ஆண்கள், வயது குறைந்தவர்கள், புகைப்பவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே வழக்கமாகக் குடித்தவர்கள், பக்கத்தில் துணை இல்லாதவர்கள், இவர்களுக்கு அபாயம் கூடுதல்.

பெயர்_சொல்லவில்லை:

பெண்ணாக இதை வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது, அதனால் இங்கே. பைபாஸ் ஆகி இரண்டு வருடம். ஆபீஸ் விருந்தில் ஒரு கிளாஸ் ஒயின், கூட ஒரு துண்டு கேக். ஒன்றரை மணி நேரத்தில் கை நடுக்கம், சட்டை நனைய வியர்வை, வார்த்தை குளறியது. தோழிகள் அதிகமாகிவிட்டது என்று ரூமில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி மட்டும், அவள் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, குளுக்கோமீட்டர் கேட்டு வாங்கிக் குத்திப் பார்த்தாள். 46. இதற்கும் மதுவுக்கும் தொடர்பு உண்டா?

நைட்_டியூட்டி:

உண்டு, நேரடியாகவே. பைபாஸ் ஆகி ஒரு வருடத்துக்குப் பிறகு சிலருக்கு, இனிப்புச் சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கும். சாதாரணமாக அப்போது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்து தூக்கி நிறுத்தும். மது அந்த வேலையைத் தடுத்துவிடும். கேக் இறக்கியது, ஒயின் ஏற விடவில்லை.

உங்கள் தோழிக்கு நன்றி சொல்லுங்கள். கதவைச் சாத்தித் தூங்க வைப்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. நீங்கள் ஒயினையும் இனிப்பையும் இப்போதைக்கு நிறுத்திவிட்டு எண்டோகிரைன் டாக்டரை, அதாவது சர்க்கரை, ஹார்மோன் பார்ப்பவரைப் பாருங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மது பற்றிய கேள்வியே இல்லை, அறவே கூடாது.

கடலூர்_அலை:

டாக்டர், எனக்கு ஒன்று கேட்க வேண்டும். முதலில் எழுதியபோது வாரத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லவில்லை. வாரத்தில் நாலைந்து நாள் ஆகிவிடுகிறது. நாளையிலிருந்து சுத்தமாக விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

நைட்_டியூட்டி:

நல்ல முடிவு தம்பி, ஆனால் விடுவதற்கு முன் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஒருநாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா, தூக்கம் வராமல் வியர்க்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் திடீரென்று நிறுத்துவது வலிப்பில் கொண்டுபோய் விடலாம், மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும். தயமினையும் அப்போதே தொடங்குவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446க்குப் போன் செய்யுங்கள், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், காசு இல்லை. மனநல உதவிக்கு 14416.

தாமிரபரணி_கரை:

தம்பி, கல்யாணம் ஆகியிருந்தால் வீட்டில் அவளிடம் முதலில் சொல்லுங்கள். அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

கோவை_காலைநடை:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி, தாமிரபரணி அக்காவுக்குக் கூடுதலாக. கல்யாணத்தில் எடுக்கப்போவதில்லை, அது முடிவாகிவிட்டது. மறுநாள் காலையில் பெண் வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும் வேலையும் என்னுடையது. மச்சான்கள் விடமாட்டார்கள், "ஆபரேஷன் ஆகி வருஷம் ஆயிற்றே" என்பார்கள். என்ன சொல்வது?

தட்டில்_பாதி_காய்கறி:

மாடிக்குப் போங்கள், உட்காருங்கள், பேசுங்கள். கையில் உங்கள் டம்ளர் இருக்கட்டும், அதில் மோரோ எலுமிச்சைத் தண்ணீரோ, சர்க்கரை இல்லாமல். வெறும் கையோடு இருப்பவருக்குத்தான் ஊற்றுவார்கள். காரணம் கேட்டால் "தையல் போட்ட இடத்தில் புண் வருமாம், டாக்டர் ஆயுளுக்கும் வேண்டாம் என்றுவிட்டார்" என்று சொல்லுங்கள். "இப்போதைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த விசேஷத்துக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

விருதை_வெயில்:

பெரிய மச்சானை மட்டும் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

கோவை_காலைநடை:

இது நல்ல யோசனை. கல்யாணத்துக்கு முன்பே ரிவ்யூ வருகிறது. டாக்டர், ஒரு கடைசிக் கேள்வி: அங்கே வேறு என்ன பரிசோதனை கேட்க வேண்டும்?

நைட்_டியூட்டி:

வழக்கமாக எடுக்கும் பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியத்தோடு கல்லீரல் பரிசோதனையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு கல்லீரலில் கொழுப்பு இருந்தது என்றால் ஒரு ஸ்கேனும். முன்பு எவ்வளவு குடித்தீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி ஃபைலில் எழுத வையுங்கள். போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், தலைவலி மாத்திரை உட்பட, எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் மனைவியையும்.